மைக்கில் வந்த பஸ்

"அண்ணாச்சி, போன எலெக்‌ஷனுக்கு எங்க ஊருப் பக்கம் ஆட்டோவுல மைக் பிடிச்சுப் பேசுனது நீங்கதான?"

கடை வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அய்யாத்துரை, கழற்றிப் போட்டிருந்த ஆம்ப்ளிஃபயருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கோவில்பட்டியில் பத்து வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் என்று யார் கூப்பிட்டாலும் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தேர்தல் முடிந்து தேடி வருகிறவர்கள் மட்டும் சண்டைக்குத்தான் வருவார்கள்.

"எந்த ஊரு தாயி?" என்றார், ஆம்ப்ளிஃபயரை விட்டுத் தலை தூக்காமல்.

"கீழ ஊரணிப்பட்டி. விளாத்திகுளம் போற வழியில உள்ள தள்ளி இருக்கு. எம்பேரு வெயிலம்மாள். 'தார் ரோடு வரும், காலையில ஏழு மணிக்கு உங்க ஊரு வாசல்ல பஸ்ஸு நிக்கும்'னு சொன்னியளே."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கட்சி கொடுத்த நோட்டீசில் அப்படி ஒரு வரியே கிடையாது. அன்று தொண்டை வறளக் கத்தியும், மிளகாய்க் காட்டில் நின்ற பெண்களில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததை அள்ளிவிட்டார். பஸ் என்றதும் அத்தனை பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்புக்கு வந்துவிட்டார்கள்.

"சொன்னேன். அதுக்கு இப்ப என்ன?"

"பஸ்ஸு வந்துட்டு அண்ணாச்சி."

அய்யாத்துரை இப்போதுதான் நிமிர்ந்தார்.

வெயிலம்மாள் உள்ளே வந்து ஒரு பை மிளகாய் வத்தலை மேசைமேல் வைத்தாள். "எங்க காட்டுல விளைஞ்சது. வீட்டுக்கு வச்சுக்கிடுங்க."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எம்மூத்தவளைத் தலைப்பிரசவத்துக்கு ஐப்பசி மழையில வண்டி கட்டிக் கூட்டிட்டுக் கிளம்புனோம். கரிசல் சகதியில சக்கரம் அச்சு வரைக்கும் எறங்கிட்டு. மாட்டாலயும் இழுக்க முடியல, மனுசராலயும் தள்ள முடியல. அங்கனயே போயிட்டா, வயித்துப் பிள்ளையோட."

அய்யாத்துரை ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"சின்னவ சந்தனமாரிக்கு முந்தாநாள் விடியக்காலம் வலி எடுத்துச்சு. அன்னைக்கும் நல்ல மழை. ஏழு மணி பஸ்ஸுல ஏத்தி, எட்டரைக்கெல்லாம் இங்கன ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். பொம்பளப்பிள்ளை. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. சாயந்தரம் வீட்டுக்கு விடுதாவ. அதுக்கு முன்னால உங்களை ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகணும்னு வந்தேன்."

அவள் கைகூப்பியதும் அய்யாத்துரை பதறி எழுந்துவிட்டார்.

"என்னைக் கும்பிடாத தாயி. மைக்கைப் பிடிச்சுப் பொய் சொல்லியே வயிறு வளர்த்தவன் நான். அந்த பஸ்ஸைக் கட்சி சொல்லல. நானா அளந்தது."

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஆனா எங்க ஊருக்கும் ஒரு பஸ்ஸு வரலாம்னு அதுக்கு முந்தி ஒருத்தரும் வாயால சொன்னதில்ல அண்ணாச்சி. நாங்களும் நெனச்சுப் பார்த்ததில்ல. நீங்க சொன்ன பிறவுதான் கேக்கணும்னே தோணுச்சு. பதினோரு தடவ எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போயி உக்காந்தோம். 'உங்க வண்டியிலதான் சொன்னாவ, அதை நம்பித்தான் ஊரே உங்களுக்கு ஓட்டுப் போட்டுச்சு'ன்னு அடிச்சுச் சொன்னோம். பாவம், மனுசன் கூசிப்போயிட்டாரு. அவரே கூட நின்னு ரோட்டைப் போட வச்சாரு. முதல் நாளு பஸ்ஸுக்குச் சந்தனம் வச்சதும் அவருதான்."

அய்யாத்துரைக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் சொல்லிவிடலாம் என்று குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, நான் பேசுனது இந்த எம்.எல்.ஏ.வுக்கு இல்லையே. தோத்துப்போனவருக்குல்லா பேசுனேன்."

"தெரியும் அண்ணாச்சி, எங்க ஊரு ஓட்டு பூராவும் விழுந்ததும் அந்தத் தோத்தவருக்குத்தான்," என்றாள் வெயிலம்மாள். "ஜெயிச்சவருக்குத்தான் தன் வண்டியில என்ன பேசுனாவன்னு ஞாபகம் இல்ல."