இருபதாவது கதிரை

தனியாக வாழும் முதியவர்கள் உட்காரும் கதிரைகளில், ஆள் இருப்பதை உணரும் கருவி பூட்டுவது எங்கள் ஆய்வு. காலையில் கதிரையில் ஆள் வந்து உட்காராவிட்டால் அயலவரின் கைபேசிக்குச் செய்தி போகும். அடம்பனில் இருபது வீடுகள். கடைசி வீடு நவரத்தினம் ஐயாவுடையது. அன்று மழை, பாதை முழுக்கச் சேறு. நான் போகவில்லை. பூட்டியாயிற்று என்று கணினியில் பதிந்துவிட்டு, கருவியைப் பெட்டி பிரிக்காமலே மன்னாரில் நாங்கள் வேலை செய்யும் கந்தோரின் அலுமாரியில் வைத்தேன்.

மார்கழியில் ஐயா இறந்தார். மூன்றாம் நாள்தான் கண்டார்கள். செத்தவீட்டில் பக்கத்து வீட்டுத் துசாந்தினி எனக்குத் தேநீர் தந்தார்.

"பூட்டினதெண்டு மெசேஜ் வந்தது, தம்பி. பிறகு ஒண்டும் வரேல்லை. சுகமா இருக்கிறாரெண்டு நாங்களும் எட்டிப் பாக்கேல்லை."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள், கந்தோரில் என்னோடு வேலை செய்யும் பிரேமிளா, கருவிகளின் தகவல் வரும் கணினியைப் பார்த்துச் சிரித்தாள்.

"மற்ற வீடெல்லாம் கரைச்சல், யசோ. உங்கட இருபதாம் நம்பர்தான் ஒழுங்கு. காலமை ஆறு மணிக்கே வந்து இருந்திட்டார். இன்னும் எழும்பேல்லை."

எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த நாடா கிழியவில்லை.

"இப்ப எழும்பிட்டார்" என்றாள் பிரேமிளா.