மாமனார் வந்தால் துள்ளும் கோடு

“மாமா, கோவிச்சுக்காதீங்க... அந்த பெல்ட்டையும் கழட்டிடுங்க.”

மருமகள் சொன்னதைக் கேட்டு முதலாளி திருதிருவென்று முழித்தார். கைபேசி, கடிகாரம், சாவிக்கொத்து, பேனா எல்லாம் ஏற்கெனவே மேசைக்குப் போயாகிவிட்டது.

“பெல்ட்டைக் கழட்டினா பேன்ட் நிக்காதேம்மா!”

“கையால பிடிச்சுக்குங்க மாமா. நாலு மணிக்கு இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு!”

அவள் அவசரம் அவளுக்கு. மேசையில் இருந்தது நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப்; அவள் தன்னந்தனியாக வடிவமைத்த முதல் கருவி. அதன் வயரில் வேண்டாத ரேடியோ மின்னோட்டம் ஓடினால் ஆஸ்பத்திரியின் மற்ற கருவிகள் குழம்பிவிடும். அப்படி எதுவும் ஓடவில்லை என்று பத்து நிமிட கிராஃப் எடுத்து நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் மாமனாரின் பழைய பம்ப்தான் போகும். இவளுடையது பரணுக்கு.

அந்த மின்னோட்டத்தை அளக்க, வயரை வெட்டாமல், வளையல் மாதிரி சுற்றிக் கவ்வுகிற கிளாம்ப்பை மாட்டியிருந்தாள். கணினித் திரையில் பச்சைக் கோடு சமர்த்தாகத்தான் ஓடியது. ஆனால் ஏழாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ, மாமனார் பொறுமையில்லாமல் “ஆச்சாம்மா?” என்று கதவைத் திறப்பார். இவளும் கணவனும் பதறி எழுவார்கள். கோடு எகிறும். கிராஃப் பாழ். காலையிலிருந்து ஐந்து தடவை! மாமனார் மேலிருக்கும் ஏதோ உலோகந்தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

இப்போது மாமனார் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, மறுபடி உள்ளே வந்தார். மகனும் மருமகளும் எழுந்து நின்றார்கள்.

கோடு ஜம்மென்று துள்ளியது.

“அப்பா, நீங்க பல்லு கட்டியிருக்கீங்களே, அதுல கம்பி இருக்கா?” என்றான் மகன்.

“டேய், அடுத்து பல்லைக் கழட்டச் சொல்லப் போறியா?”

“ஷூவுல ஆணி இருக்கும் மாமா!”

ஷூவும் போயிற்று. வெறும் சாக்ஸில் பூனைபோல் நுழைந்தார். இருவரும் எழுந்து, அவரைத் தலை முதல் கால் வரை ஆராய்ந்தார்கள். அதற்குள் கோடு துள்ளி முடித்திருந்தது.

“ஏங்க, மாமா உடம்புலயே ஏதோ ஓடுதுங்க” என்று கிசுகிசுத்தாள்.

“அம்மா முப்பது வருஷமா அதைத்தானே சொல்றாங்க!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

“மாமா... தப்பா நினைக்காதீங்க. பத்தே நிமிஷம் நீங்க வெளியவே இருங்களேன்.”

“என் கம்பெனியிலேருந்து என்னையே துரத்துறியா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார். “சரி, சரி, போறேன். உன் பம்ப் ஜெயிச்சா எனக்கும் பெருமைதான்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. என்ன செய்வது?

புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலியில் ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிடம். ஆறு. ஒன்பது. கோடு அசையவே இல்லை. பத்து! கணவன் பட்டனைத் தட்டினான்.

“அனுப்பிட்டேன்! மணி மூணு அம்பத்தி மூணு!”

“ஐயோ, ஜெயிச்சுட்டோங்க!” என்று கத்தியபடி அவள் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள்.

பச்சைக் கோடும் கூடவே குதித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனாரோ வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம்! சந்தேகத்தோடு உட்கார்ந்தாள். எழுந்தாள். துள்ளியது. கணவனையும் எழச் சொன்னாள். அதற்கும் துள்ளியது.

“அட கடவுளே! இந்த நாற்காலிதாங்க! நாம எந்திரிக்கிறப்பல்லாம் சீட்டுல கரன்ட் பொறி தெறிக்குது. கிளாம்ப் அதைப் பிடிச்சிருக்கு!”

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“மாமா, உள்ள வாங்க மாமா! சத்தியமா சொல்றேன், இனிமே நீங்க எப்ப வந்தாலும் நாங்க எந்திரிக்கவே மாட்டோம்!”