சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம்

இது நான் நேரில் கேட்டதல்ல. பக்கத்து வீட்டுப் பூனை சொன்னது.

கண்மணி அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் காரும் வாங்கிவிட்டார். பூஜை முடிந்ததும், ஏற்றி நசுக்குவதற்காக முன்சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள்.

“அண்ணே, நீங்க ஊரெல்லாம் சுத்தப் போறீங்க. அதுக்கு நான் ஏன் நசுங்கணும்?” என்றது பழம்.

“கார்னா செலவு இருக்கும் தம்பி. பெட்ரோல், இன்சூரன்ஸ், அப்புறம் நீ,” என்றது சக்கரம்.

“கடைவீதி வரைக்குமாவது பார்க்கணும்னு ஆசைண்ணே.”

சக்கரத்துக்கு மனசு கேட்கவில்லை. “நான் என்னடா பண்றது? அக்கா கியர் போட்டா உருண்டுதான் ஆகணும்.”

“அக்கா, பர்ஸ்ட் கியர்!” என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அந்தக் கூச்சலில் பதறிய அக்கா ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டார். கார் பின்னால் நகர்ந்து நின்றது.

“பொழச்சேன்!” என்று கூவியது பழம்.

“எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கின கைடா அது!” என்று சிரித்தது சக்கரம்.

அக்காவும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து பழத்தை எடுத்தார். “இது நம்மகூடவே வரட்டும்.”

பூனை சொன்னதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம். நேற்று போய்ப் பார்த்தேன். முன்கண்ணாடி ஓரத்தில் பழம் கொஞ்சம் வாடியிருந்தது. காரின் மீட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது.