கண்ணன் தூங்குகிற நேரம்

கூடையை எக்ஸ்ரே மெஷினுக்குள் அனுப்பச் சொன்னார் ஐ.என்.ஏ. மெட்ரோ ஸ்டேஷன் காவலர். வைதேஹி முடியவே முடியாது என்றாள்.

உள்ளே இருந்தது கண்ணன். அரையடி உயரப் பித்தளை. மஞ்சள் பட்டு, தலையில் மயிலிறகு, அடியில் பஞ்சு மெத்தை.

தவழ்கிற குழந்தையை யாராவது மெஷினுக்குள் விடுவார்களா? தில்லியில் இந்த நியாயம் எடுபடும். காவலர் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வழி விட்டார்.

ஆறு வருஷமாக வைதேஹி அவனை ஒரு நாழிகை பிரிந்ததில்லை. பல் டாக்டரிடம் போனாலும் கூடவே வருவான். அவனுக்குக் காட்டாமல் அவள் காபி குடிப்பதில்லை. ஜனவரிக் குளிரில் வீட்டிலிருந்த ஒரே ஹீட்டர் பூஜை அறையில் எரியும். கணவர் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு ஹாலில் செய்தி பார்ப்பார்.

“அவன் பாத்துண்டே இருக்கான்னு நினைச்சுட்டா தப்புப் பண்ணவே தோணாது” என்று சத்சங்கத்தில் அடிக்கடி சொல்வாள். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும்.

பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். கூடையைக் கண்டதும் “ராதே ராதே” என்று இரண்டு பேர் எழுந்துகொண்டார்கள். ஒரு சீட்டில் வைதேஹி. பக்கத்துச் சீட்டில் கண்ணன்.

எதிரே கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கம்பி. கும்பிடக் கையில்லாமல் தலையை மட்டும் தாழ்த்தினாள்.

ஜோர் பாக் தாண்டும்போது போன் அடித்தது. மோதி பாக்கிலிருந்து அகல்யா. சத்சங்கத்துத் தோழி. வேலம்மாள் வேலை கேட்டு வந்து நிற்கிறாளாம். உங்கள் வீட்டில் பதினோரு வருஷம் இருந்தவளாயிற்றே, எப்படி?

வைதேஹி கூடையிலிருந்த குட்டிப் போர்வையை எடுத்துக் கண்ணனின் தலை மறையும்படி போர்த்தினாள். இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

காலை பதினொன்றரை மணி.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நானா ஒண்ணும் சொல்லலை அகல்யா. டிசம்பர்ல என் ரெண்டு வடச் சங்கிலி காணாமப் போச்சு, அவ்வளவுதான். போலீசுக்குப் போகலை. பாவம், அவளுக்கும் குழந்தைகள் இருக்கே.”

“அச்சா, அப்ப வேண்டாம்” என்று வைத்துவிட்டாள் அகல்யா.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சங்கிலி டிசம்பரில் காணாமல்தான் போயிற்று. அன்றுகூட வைதேஹி யாரையும் திருடி என்று சொல்லவில்லை. கண்ணன் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் சொன்னாள். வேலம்மாள் பாதி விளக்கியிருந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பூஜை அறைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். மறுநாள் வரவில்லை.

எதிரே நின்றவள், தூங்குகிறானா என்று ஹிந்தியில் கேட்டாள். வைதேஹி ஆமாம் என்று தலையாட்டினாள். அதன் பிறகு அந்தப் பெண் தன் குழந்தையிடம் கிசுகிசுப்பாகவே பேசினாள்.

ராஜீவ் சௌக்கில் ரயில் மாற வேண்டும். எழுந்திருக்கும் முன் வைதேஹி மெத்தைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

சங்கிலி பத்திரமாக இருந்தது.

கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் கண்ணனின் ஸ்வெட்டர்களை மடித்து வைக்க எடுத்தாள். சிவப்பு ஸ்வெட்டரின் உள்பக்கம், கம்பளி நூலில் கொக்கி மாட்டிக்கொண்டு தொங்கியது. அவனுக்குப் போட்டுவிடக் குனிந்தபோது அவள் கழுத்திலிருந்து நழுவியிருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அவன் மார்போடு இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வேலம்மாளின் நம்பரைப் போனில் எடுத்துப் பார்க்கத்தான் செய்தாள். அப்புறம் சத்சங்கத்தில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாள். போனை வைத்துவிட்டாள்.

கரோல் பாக்கில் ஒரு நகைப் பத்தர், சங்கிலியை உருக்கிக் கண்ணனுக்கு அரைஞாண் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் ஆகுமாம்.

இடுப்பில் கட்டிவிட்டால், அதற்கப்புறம் அவன் மட்டும் யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறான்?