தம்பி வீட்டுத் தண்ணீர்

"முதல்ல நீ சொல்லுக்கா. இன்னிக்கு எவ்வளவு?"

"பத்து," என்றாள் அவள், சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி. "உனக்கு?"

போனில் தம்பி கொஞ்சம் இழுத்தான். "எனக்கு அஞ்சு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். பத்துக்கு இறங்குவதற்கே அவளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

பத்து, ஐந்து என்பதெல்லாம் வீட்டில் உயிர்ப் பவளமும் மீனும் வளர்க்கும் தொட்டித் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டின் அளவு. மீன் தின்னாமல் விட்டதும் தின்று கழித்ததும் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் தண்ணீரில் தங்கும். அது ஏறினால் பாசி பிடிக்கும், பவளம் கெடும் என்று தொட்டி விற்ற கடைக்காரன் சொல்லியிருந்தான். அவளுக்கு அது போதும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக ஊரார் சர்க்கரையையும் கொழுப்பையும் அளந்து எழுதுகிறவள். எண்ணில் வராத எதையும் அவள் நம்புவதில்லை.

போன வருடம் ஒரு பச்சைப் பவளம் வாங்கி, இரண்டாக உடைத்து, ஒரு துண்டைத் தம்பிக்குக் கொடுத்திருந்தாள். தம்பி ஏ.சி. மெக்கானிக். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன். அவனிடம் போன துண்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. அவளுடையது கிளை கிளையாகச் செத்து, கட்டைவிரல் அளவில் வந்து நின்றது. அதுவும் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதைச் சாக விடமாட்டேன்," என்றாள் கணவனிடம்.

"அது சாகுறது கவலையா, தம்பிகிட்ட தோக்கிறது கவலையா?"

"ரெண்டும்தான்."

இரண்டு வேளைத் தீனி ஒரு வேளையானது. வாரம் ஒரு முறை மாற்றிய தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினாள். அழுக்கை நுரையாகப் பிரித்துத் தள்ளும் மெஷினைக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் துலக்கினாள். முதுகு பிடித்துக்கொண்டது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாளி தூக்கினாள்.

"மீனுங்க என்னைப் பாக்கிற பார்வையே சரியில்ல," என்றான் கணவன். "அந்தப் பவளமும் ஏதாவது தின்ன வேண்டாமா?"

"அதுக்கு லைட் வெளிச்சம் போதும். குறுக்க நிக்காதீங்க, வாளி வருது."

ஐந்து வந்தது. உடனே போன் போட்டுச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டரைக்கா."

அவள் அசந்துபோனாள். அரைப் புள்ளி வரைக்கும் பார்க்கிறான். அவளுடைய சோதனைக் கிட்டில்கூட அவ்வளவு துல்லியம் கிடையாது. இவனைப் போய் இத்தனை வருடமாகப் பொறுப்பில்லாதவன் என்று திட்டிக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றிலிருந்து மீன்களுக்கு வாரம் இரண்டு நாள்தான் சாப்பாடு. நைட்ரேட்டை உறிஞ்சும் குருணையைத் துணிப்பையில் கட்டித் தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். பத்தாம் நாள் காலை, குழாயில் நிறமே ஏறவில்லை. மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் சைபர்.

பவளம் மட்டும் காகிதமாய் வெளுத்திருந்தது.

"சைபர்டா," என்றாள் போனில். "உனக்கு எவ்வளவு?"

"அக்கா, ஏணி மேல நிக்கிறேன். அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டான்.

கூப்பிடவில்லை. நாலு நாள் இவளே போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் லீவு சொல்லிவிட்டு, கிட்டைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்கே போய் நின்றாள். ஏதோ வித்தை வைத்திருக்கிறான். அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்புவதில்லை.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி. நீங்களாவது வந்து கேளுங்க. காலையில இருந்து நாலாவது தடவை தீனி போடறார். கேட்டா, அதுங்க பாவமா பாக்குதாம்."

தொட்டியின் பக்கக் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது. அதற்குள்ளே பச்சைப் பவளம் பளபளவென்று செழித்து நின்றது. பக்கத்தில் தீனி டப்பாவோடு தம்பி, திருடன் மாதிரி நின்றான்.

அவள் உட்காரவில்லை. தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்தாள். மருந்துச் சொட்டுகளை விட்டாள், குலுக்கினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. நிற அட்டையோடு வைத்துப் பார்த்தாள்.

"அம்பது," என்றாள். "அஞ்சுன்னே. ரெண்டரைன்னே. எதை வச்சுடா அளந்தே?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அளக்கலைக்கா. ஸ்கூல் மார்க்ல இருந்து எல்லாத்துலயும் நீதான் முன்னாடி. இதுலயாவது ஜெயிக்கலாம்னு, நீ சொல்றதுல பாதியைச் சொல்லிட்டு இருந்தேன்."

அம்பதில் அவனுடையது தட்டு அகலம். சைபரில் அவளுடையது பட்டினி. அவன் கையிலிருந்த தீனி டப்பாவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சரி, நாலு நாளா போனை ஏன்டா எடுக்கல?"

"சைபர்ல பாதி எவ்வளவுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்கா."