பத்தொன்பதாவது கிணறு

"வாய்க்கா கரையை ஒட்டின கெணறு மட்டும் எப்படிம்மா நீலமா இருக்கு?" விசாரிக்க வந்த அதிகாரி சுவரில் விரலை வைத்தார்.

அது அம்சத்தின் வீட்டுக் கிணறு.

ரேஷன் கடையின் பக்கச் சுவர். மனு எழுதிப்போட்டு அலுத்துப்போன தெருப் பெண்கள், வேதாரண்யம் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணிலாவது படட்டும் என்று நாலு நாள் கூடி வரைந்தது. போன எலெக்‌ஷனில் எழுதிய கட்சிச் சின்னம் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் அவர்கள் தெரு, வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடுப்புக்கரி குழைத்துத் தீட்டிய இறால் குட்டைகள்.

பத்தொன்பது வீட்டுக்கும் பத்தொன்பது கிணறு. அவரவர் கிணற்றை அவரவர்தான் வரைய வேண்டும் என்பது பொன்னுத்தாய் போட்ட சட்டம். உப்பாகிப்போன கிணற்றுக்குச் செங்காவி. நல்ல தண்ணீருக்குச் சுண்ணாம்பில் சலவை நீலம்.

பதினெட்டு சிவப்பு. ஒரே ஒரு நீலம்.

"குட்டையிலேர்ந்து உப்பு எறங்குதுன்னா, மொதல்ல இந்தக் கெணறுதானே கெட்டிருக்கணும்?"

அவர் குற்றம் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். பக்கத்தில் குடை பிடித்து நின்ற இறால் பண்ணை மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பொன்னுத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்சத்தின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அதிகாரி காலையிலிருந்து வெயிலில் நடந்திருந்தார். சோதனைக்குத் தண்ணீர் பிடித்துப்போக பாட்டில் எதுவும் கொண்டுவரவில்லை. பார்த்ததை எழுதிப்போக வந்தவர்.

"அந்தக் கெணத்துத் தண்ணியே ஒரு செம்பு குடுங்கம்மா. குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது. தாகமா வேற இருக்கு."

அம்சம் வீட்டுக்குள் போனாள்.

அந்தக் கிணறு அவள் புருஷன் வீரையன் வெட்டியது. மனைப்பட்டா கேட்டு ஒன்பது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன், பட்டா கைக்கு வந்த மறுமாதமே மண்வெட்டியை எடுத்துவிட்டான். அதுவரை ஊர்த்தெருக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றினால் உண்டு.

பதினோராம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. சேறு தெளிந்ததும் முதல் கைத் தண்ணீரை அவளுக்குத்தான் நீட்டினான். "குடி. இனிமே எவன் வாசல்லயும் போயி நிக்க வேணாம்."

அவன் போய் ஆறு வருஷம். சுவரில் வரையும்போது பிரஷ் அவள் கைக்கு வந்ததும் நீலத்தைத் தொட்டு அந்த வட்டத்தைப் போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாடத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். இதற்கு முன்பும் அதிகாரிகள் இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். ஜீப்பில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தெருவில் தண்ணீர் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

ஒரு கணம் கை நின்றது. பிறகு தானாகவே அடுப்படிக் குடத்தில் மொண்டது.

அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. செம்பில் வாய்வைத்து, நிறுத்தி நிறுத்தி, அடிவரைக்கும் குடித்தார். வீரையன் இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அம்சம் நினைத்தாள்.

"நல்ல தண்ணி. எங்க வீட்டுல வர்றதுகூட இப்படி இல்ல."

மீசையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் இரண்டு வரி எழுதினார். மேனேஜர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

ஜீப் மதகில் திரும்பும்வரை நேரம் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். குடிக்கக் கொடுத்த கையாலேயே அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று நிற்பதற்குள் புழுதி அடங்கிவிட்டது.

"ஏழு மாசமா அலைஞ்சு கூட்டிட்டு வந்த ஆளு. ஒரு செம்புல முடிச்சு அனுப்பிட்டியேடி," என்றாள் ராமாயி.

"விடுடி," என்றாள் பொன்னுத்தாய். "நீலத்தைத் தொட்டப்பவே நம்ம தடுத்திருக்கணும். நமக்கும் மனசு வரல. இப்ப தாகம்னு வந்த மனுசனுக்கு அவ வேற எதைக் குடுப்பா?"

அம்சம் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். கையில் அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள்.

வாளியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

தினமும் போவதுபோல அன்று சாயங்காலமும் தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடந்து ஊர்த்தெருக் கிணற்றுக்குப் போனார்கள். பத்தொன்பது குடங்கள்.

இப்போதெல்லாம் அங்கே யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை.

எல்லோரும் இறைத்து முடிக்கும்வரை அம்சம் தள்ளியே நின்றாள்.