மோதிப் பார்க்கும் வேலை

உட்துறைமுக வீதியில் தன் அறையிலிருந்தபடியே கிறிஸ்டின் புது வேலையைத் தொடங்கினாள். வீடியோ கேமில் வரும் சுவர்களிலெல்லாம் அதில் ஓடும் ஆளை மோதவிட்டுப் பார்க்கவேண்டும். எங்காவது சுவருக்கு ஊடே போனால் பிழையென்று அறிவிக்கவேண்டும்.

மத்தியானம் ஒரு சுவர் ஆளை உள்ளே விட்டது. அங்கே சின்ன அறை. கணினி முன் ஒருத்தி முதுகு காட்டி இருந்தாள். அவள் இருந்த கதிரையில் கிறிஸ்டினுடையதைப் போலவே மஞ்சள் துவாய்.

முதல் நாளே எதையும் மறைக்கக்கூடாதென்று நினைத்து, அதையும் பிழையென்று அறிவித்தாள்.

மேலாளர் றுமைஸ் அவளுக்குப் போன் எடுத்தார். "ஓட்டையை அடைச்சாச்சு தங்கச்சி. திரும்ப மோதிப் பாருங்கோ."

மோதினாள். சுவர் இறுகியிருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, வா பிள்ளை," குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்."

எழுந்து திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர்.

அதற்கு அப்பால் அம்மாவின் கை தடவிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. "பிள்ளை, உன்ர அறைக் கதவு எங்க?"